பத்து மீட்டரில் ஒரு பொய்

7

“விழுந்தது ஆன்டெனா. உள்ளே போனது என் வீட்டுக்காரர்,” என்றாள் வந்தவள். “சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தப் போறாங்களாம். மூணரைக்கு நான் பிள்ளைங்களை ஏத்தணும். நடுவுல உங்களால என்ன பண்ண முடியும் மேடம்?”

வாசலில் ஒரு மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அதை ஓட்டி வந்தவள் அவள்தான். சாவியை மேசைமேல் வைத்த விதத்திலேயே, பதில் கிடைக்காமல் அதைத் திரும்ப எடுக்கப்போவதில்லை என்று தெரிந்தது.

எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாளை ஊரில் எல்லோரும் சர்வேயர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் சுற்றிப் பார்த்து, எது விபத்து, எது விருப்பம் என்று பிரித்துச் சொன்னவர். வேலையை விட்டுத் துப்பறியும் நிலையம் தொடங்கியபோது வாசலில் பலகை மட்டும்தான் மாறியது. வருகிறவர்களின் பொய்கள் மாறவில்லை.

“மொதல்ல இருந்து சொல்லும்மா,” என்றார் சர்வேயர்.

“பல் டாக்டர் வீட்டுப் பின்னாடி ஒரு இரும்புக் கோபுரம். உச்சியில ஹாம் ரேடியோ ஆன்டெனா, வீட்டுல இருந்தபடியே வெளிநாட்டுக்காரங்களோட பேசறதுக்கு. அதைக் கட்டினது, பராமரிக்கிறது எல்லாம் என் வீட்டுக்காரர்தான். கீழே இருக்கற விஞ்சு ராட்டினத்தைச் சுத்தினா கோபுரம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நீண்டு இருபது மீட்டர் வரைக்கும் ஏறும். இறக்கினா பத்து மீட்டர். சனிக்கிழமை பலத்த காத்து அடிக்கும்னு எச்சரிக்கை வந்துச்சு. காலையில பத்து மணிக்கே இவர் போய்ப் பத்துக்கு இறக்கி, விஞ்சுக்குப் பூட்டுப் போட்டுட்டு வந்துட்டார். மத்தியானமே காத்து ஆரம்பிச்சு, நாலரைக்கு உச்சத்துக்குப் போச்சு. கோபுரத்தோட மேல்பாகம் மடங்கி, ஆன்டெனா பக்கத்து வீட்டுக் கொல்லையில விழுந்துச்சு. கொடியில துணி எடுத்துக்கிட்டிருந்த தையல்காரம்மாவுக்குக் கால்ல ரெண்டு இடத்துல எலும்பு முறிஞ்சு போச்சு.”

“டாக்டர் என்ன சொல்றார்?”

“கோபுரம் பத்து மீட்டர்லயே இருந்துச்சாம். இவர் நட்டைச் சரியா முறுக்கலையாம். அலட்சியமாம்.” அவள் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் இறங்கியது. “மேடம், கேஸ் நின்னுச்சுன்னா லைசென்ஸ் போயிடும். அதுக்கப்புறம் இவரை ஏணியில ஏறக்கூட யாரும் விட மாட்டாங்க. இவருக்கு வேற எதுவும் தெரியாது. தரையில இவர் ஒரு உபயோகமும் இல்லை.”

மூலையில் நாளிதழுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. “கொடுத்து வெச்சவர். என் பொண்டாட்டி கணக்குல நான் உயரத்துலயும் உபயோகம் இல்லை.”

அது பஞ்சர். சர்வேயரின் உதவியாளன், வயது முப்பத்தெட்டு. எவ்வளவு பெரிய பேச்சாக இருந்தாலும் ஒரே வார்த்தையில் காற்றைப் பிடுங்கிவிடுவான் என்பதால் வந்த பெயர். சொந்தப் பெயரைக் கேட்டால் அவனே யோசித்துத்தான் சொல்வான்.

“கோபுரத்தைப் பார்த்தா எவ்வளவு நீண்டிருந்ததுன்னு தெரியாதா?” என்று கேட்டான் அவன்.

“அன்னைக்கே தீயணைப்புக்காரங்க வந்து, ஆபத்துன்னு எல்லாத்தையும் வெட்டி இறக்கி அடுக்கி வெச்சுட்டாங்க.”

“தெருவுல யாரும் பார்க்கலையா?”

“யாரு தலையைத் தூக்கிப் பார்க்கறாங்க? ஏழு வருஷமா நிக்கற கோபுரம்.”

சர்வேயர் எழுந்து கைப்பையை எடுத்தார். “பேருந்தை எடும்மா. என் பக்கத்து வீட்டுக்காரர் அரைமணி நேரமா அவரோட கார்ல உட்கார்ந்திருக்கார்.”

*

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டரின் வலது கன்னம் ஒரு எலுமிச்சம்பழத்தை உள்ளே ஒளித்து வைத்தது போல வீங்கியிருந்தது. அவர் ஒவ்வொரு சொல்லையும் இடது பக்கமாகவே வெளியே விட்டார்.

“டாக்டர் மரியாதையான மனுஷர் மேடம். நாம கேக்கறதுக்கு முன்னாடியே அவரே ஆதாரத்தைக் கொண்டு வந்து கொடுத்தார்.” நான்கு தாள்களை எடுத்துப் போட்டார். “சனிக்கிழமை அவங்களுக்கு ரேடியோ போட்டி. பன்னிரண்டு மணியிலேருந்து அஞ்சு மணிக்குள்ள யார் அதிக நிலையங்களோட பேசறாங்களோ அவங்களுக்குக் கோப்பை. யாரோட, எத்தனை மணிக்குப் பேசினார்னு நிமிஷக் கணக்கா எழுதியிருக்கு. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எழுந்திருக்காதவர் எப்படி விஞ்சைச் சுத்துவார்?”

“விஞ்சுப் பூட்டுக்கு எத்தனை சாவி?”

“ரெண்டு. ஒண்ணு இவன்கிட்ட. டாக்டர்கிட்ட இருந்தது போன மாசமே தொலைஞ்சு போச்சாம்.”

கம்பிக்குப் பின்னால் பேருந்துக்காரியின் கணவன், அந்தக் கோபுர மெக்கானிக், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் கண் கூரையில் மின்விசிறி தொங்கிய கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தது. “சார், அந்தக் கொக்கி ஒருநாள் விழும்,” என்றான். யாரும் அதைப் பதிவு செய்யவில்லை.

பஞ்சர் தாள்களைப் புரட்டினான். வரிசை வரிசையாக நேரம், நிலையத்தின் பெயர், நாடு, பிறகு ஓர் எண்.

“இது என்ன சார், எல்லாருக்கும் 59?”

“சிக்னல் எப்படிக் கேட்டுச்சுன்னு கொடுக்கற மார்க்காம். தெளிவுக்கு அஞ்சு, பலத்துக்கு ஒன்பது. அதுக்கு மேல கிடையாது.”

“நூத்தி நாப்பது பேர் பரீட்சை எழுதி நூத்தி நாப்பது பேரும் முதல் மாணவனா? எங்க பள்ளிக்கூடத்துல இந்த வாத்தியார் இருந்திருந்தா நான் இன்னைக்குக் கலெக்டர்.”

சர்வேயர் எண்களைப் பார்க்கவில்லை. நேரத்தையும் நாடுகளையும் மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். இரண்டாவது தாளில் விரல் நின்றது.

“பன்னிரண்டு ஐம்பத்தாறுக்கு ஒருத்தர்கிட்ட பேசியிருக்கார். அடுத்தவர் ஒண்ணு இருபத்துநாலுக்கு. நடுவுல இருபத்தெட்டு நிமிஷம் யாருமே இல்லை.”

“சாப்பிடப் போனாராம்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நாற்காலியை விட்டு எழுந்திருக்காம?” என்றான் பஞ்சர்.

இன்ஸ்பெக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பதில் சொல்ல முடியாதபோது பல்வலி ஒரு வசதி. “எப்படியும் நாலு மணிக்கு அவரைப் பார்க்கத்தான் போறேன். எனக்கு வேர் சிகிச்சை பாதியில நிக்குது. அதுவரைக்கும் அவர் மனசு நோகற மாதிரி எதுவும் செஞ்சுடாதீங்க.”

வெளியே வந்ததும் சர்வேயர் சொன்னார்: “சாப்பாட்டுக்கு முன்னாடி அவர் பேசினவங்க எல்லாம் பக்கத்து நாடுகள். ஆயிரம், ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். சாப்பாட்டுக்கு அப்புறம் அறுபத்து மூணு நிலையம். அத்தனையும் உலகத்தோட அந்தப் பக்கம். பக்கத்துல இருக்கறவங்க ஒருத்தர்கூட இல்லை.”

“சாப்பாடு அவ்வளவு சத்தான சாப்பாடா இருந்திருக்கும் மேடம்.”

“அதை ருசி பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேணும். இந்த ஊர்ல இன்னொரு ஹாம் யாரு?”

*

இன்னொரு ஹாம் கடிகாரக் கடை வைத்திருந்தார். சுவரெங்கும் கடிகாரங்கள். எதுவும் எதனோடும் ஒத்துப்போகவில்லை. அவை நடுவே நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு, ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ஒரு கைக்கடிகாரத்தின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்.

“இதுல எது சார் சரியான நேரம்?” என்று கேட்டான் பஞ்சர்.

“எதுவும் இல்லை. சரியா ஓடறதை இங்கே யாரு கொண்டு வர்றாங்க?”

டாக்டர் பேச்சை எடுத்ததும் அவர் கருவியைக் கீழே வைத்தார். “சொல்லிடறேன். ஆறு வருஷமா இந்தப் போட்டியில அவர் முதல், நான் ரெண்டாவது. ரெண்டு பேரும் ஒரே கம்பெனியோட, திருப்பின பக்கம் மட்டும் பேசற ஒரே மாதிரி பீம் ஆன்டெனா வெச்சிருக்கோம். நான் எது சொன்னாலும் பொறாமைன்னுதான் எழுதுவீங்க.”

“எழுதறதுக்கு முன்னாடி கேட்டுக்கறேன்,” என்றார் சர்வேயர். “உங்களோடது எவ்வளவு உயரம்?”

“பத்து மீட்டர். மொட்டைமாடியில நிரந்தரமா.”

“ரொம்ப ஆராய்ச்சி பண்ணி முடிவு பண்ணீங்களோ?” என்றான் பஞ்சர்.

“ஆன்டெனா உயரத்தை மூணு விஷயம் முடிவு பண்ணும். அலைநீளம், பக்கத்து வீடு, சம்சாரம். முதல் ரெண்டுகிட்டயாவது பேசிப் பார்க்கலாம்.”

சர்வேயர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “பத்துக்கும் இருபதுக்கும் என்ன வித்தியாசம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

“சின்ன வயசுல குளத்துல தட்டைக் கல்லு விட்டிருப்பீங்க. தாழ்வா விட்டா தத்தித் தத்தி அக்கரைக்குப் போகும். மேலே தூக்கிப் போட்டா கிட்டவே விழும். ரேடியோ அலையும் அப்படித்தான். வானத்துல ஒரு அடுக்கு இருக்கு, அதுல பட்டுத்தான் அலை பூமிக்குத் திரும்பும். தாழ்ந்த கோணத்துல அனுப்பினா தூரதேசம். உசந்த கோணத்துல அனுப்பினா பக்கத்து நாடு.”

“கோணத்தை யார் முடிவு பண்றாங்க?”

“ஆன்டெனாவுக்குக் கீழே இருக்கற தரை. ஆன்டெனாவிலேருந்து நேரா கிளம்பற அலையும், தரையில பட்டு எழும்பற அலையும் சில கோணத்துல கைகோத்துக்கும். சில கோணத்துல அடிச்சுக்கிட்டுச் சாகும். எந்தக் கோணத்துல எதுங்கறது உயரத்தைப் பொறுத்தது. சனிக்கிழமை நாங்க பேசினது இருபது மீட்டர் அலைநீளத்துல. அதுல பாதி, அதாவது பத்து மீட்டர் உயரம் வெச்சா, அலை முப்பது டிகிரி சாய்வுல மேலே கிளம்பும். ஆயிரம் கிலோமீட்டர்ல இருக்கறவனுக்குக் கணீர்னு கேக்கும். முழு அலைநீளம், இருபது மீட்டர் உயரம் வெச்சா, பதினாலு பதினஞ்சு டிகிரிதான். உலகத்தோட அந்த முனையில இருக்கறவன் எழுந்து உட்காருவான்.”

“அப்ப இருபதுதானே ஒசத்தி?” என்றான் பஞ்சர்.

“அங்கேதான் எல்லாரும் கோட்டை விடறாங்க.” கடிகாரக்காரர் முகத்தில் ஆறு வருடத்துச் சந்தோஷம் ஒன்று எட்டிப் பார்த்தது. “இருபதுக்கு ஏத்தினா, எந்த முப்பது டிகிரியில பத்து மீட்டர் கணீர்னு பேசுச்சோ, அதே முப்பது டிகிரியில சத்தம் செத்துப் போயிடும். ஆயிரம் கிலோமீட்டர் ஆசாமி கூப்பிட்டா காதுல விழாது. இவர் பேசறதும் அவனுக்கு முணுமுணுப்புதான்.”

“அதாவது பெரிய மனுஷன் ஆயிட்டா பக்கத்துல இருக்கறவன் கத்தினாலும் கேக்காது.”

“நீங்க ஹாம் பரீட்சை எழுதலாம்.”

சர்வேயர் டாக்டரின் நான்கு தாள்களின் நகலை மேசையில் விரித்தார். கடிகாரக்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். ஒண்ணு இருபத்துநாலில் அவர் விரலும் நின்றது.

“டாக்டர் சுலபமா ஒரு பதில் சொல்வார்,” என்றார் தலையை ஆட்டியபடி. “மத்தியானத்துக்கு மேல வானம் தூரதேசத்துக்குத் திறந்துக்கிச்சுன்னு. நடக்கறதுதான். அடுக்கு நேரத்துக்கு நேரம் மாறும்.”

“எல்லாருக்கும் ஒரே வானம்தானே? உங்க தாளைக் காட்டுங்க.”

இழுப்பறையிலிருந்து நோட்டு வந்தது. அதே சனிக்கிழமை, அதே நேரம். மூன்று மணி நேரத்தில் தூரதேச நிலையங்கள் ஐந்து. ஒவ்வொன்றையும் பிடிக்கக் கடிகாரக்காரர் பட்ட பாடு பக்கத்தில் கிறுக்கலாக எழுதியிருந்தது. பக்கத்து நாடுகள் மட்டும் சாயங்காலம் வரை விடாமல் வந்துகொண்டே இருந்தன.

“வானம் மாறலை,” என்றார் சர்வேயர். “ஆனா ஆன்டெனாவைப் பக்கத்து நாடுகளுக்கு முதுகைக் காட்டித் திருப்பிட்டேன்னு சொல்லலாமே?”

கடிகாரக்காரர் யோசித்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார். “தீவுக்காரர்கிட்ட அது நடக்காது. கிழக்கே ஆயிரம் கிலோமீட்டர்ல ஒரு தீவு. வானிலை நிலையத்துல வேலை பார்க்கற ஆசாமி. டாக்டர் பேசின அறுபத்து மூணு பேரும் அதே கிழக்குக் கோட்டுலதான் இருக்காங்க. அவங்களைப் பார்த்து பீமைத் திருப்பினா தீவுக்காரர் மூஞ்சிக்கு நேராத்தான் இருக்கும்.”

“அவர் சாட்சி சொல்வாரா? அவரும் 59 கட்சிதானே?” என்றான் பஞ்சர்.

“போட்டியில எல்லாருக்கும் 59 கொடுக்கறதுதான் வழக்கம். ‘உங்க சிக்னல் 59, பிரமாதம், பேரை மட்டும் நாலு தடவை திருப்பிச் சொல்லுங்க’ன்னு கேட்போம். உலகம் பூராவும் அப்படித்தான். தீவுக்காரர் ஒருத்தர்தான் விதிவிலக்கு. உள்ளதை உள்ளபடி எழுதி வெப்பார். அதனாலேயே அவரோட யாருக்கும் பேசப் பிடிக்காது.”

*

ரேடியோ கடையின் பின்னறையில் இருந்தது. கடிகாரக்காரர் கிழக்கே திருப்பி மூன்று தடவை கூப்பிட்டார். நாலாவது தடவை, ஈரமான அட்டைப்பெட்டிக்குள் இருந்து பேசுவது போல ஒரு குரல் வந்தது.

“கேக்குது. உங்களுக்கு அஞ்சு-எட்டு. ஒன்பது தர முடியாது, நடுவுல ஒரு இரைச்சல் இருக்கு.”

“பார்த்தீங்களா?” என்றார் கடிகாரக்காரர், அவமானமும் பெருமையுமாக. பிறகு மைக்கில் சனிக்கிழமைக் கணக்கைக் கேட்டார்.

தாள் புரளும் ஓசை கேட்டது. “சனிக்கிழமை. பன்னிரண்டு முப்பத்தொண்ணு, பல் டாக்டர், அஞ்சு-ஒன்பது. நிஜமான அஞ்சு-ஒன்பது. அப்புறம் ரெண்டு பதினஞ்சு. டாக்டர் யாரோ தூரதேசத்துக்காரரோட பேசிக்கிட்டிருக்கார். எனக்கு மூணு-ரெண்டு. ‘உங்க ஆன்டெனாவுக்கு ஏதோ ஆயிடுச்சு, பாருங்க’ன்னு சொல்ல ஏழு தடவை கூப்பிட்டேன். காதுல வாங்கலை. ரெண்டு இருபது, கடிகாரக்காரர், அஞ்சு-எட்டு. அன்னைக்கும் அந்த இரைச்சல் இருந்துச்சு. சரி பண்ணுங்க.”

“பண்ணிடறேன்.”

“போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க,” என்று குரல் அடங்கியது.

பஞ்சர் விசில் அடிக்க உதட்டைக் குவித்து, சர்வேயரின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். “முடிஞ்சுது மேடம். நேரா இன்ஸ்பெக்டர்கிட்ட போவோம்.”

“போய்? முப்பது டிகிரி, பதினஞ்சு டிகிரின்னு சொல்வியா? அந்தப் பல்லோட அவர் எத்தனை டிகிரி வரைக்கும் கேப்பார்? ஒரு வக்கீல் வந்து, தீவுல இருக்கறவருக்கு அன்னைக்குக் காது அடைச்சிருந்ததுன்னு ஒரே வரியில முடிச்சுடுவார். நமக்கு டாக்டர் கையெழுத்து வேணும்.”

“அவர் எதுக்குக் கையெழுத்துப் போடறார்?”

சர்வேயர் கடிகாரக்காரரிடம் திரும்பினார். “கோப்பைக்கு விண்ணப்பம் எப்போ கொடுக்கணும்?”

“இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள. இந்த ஊருக்கு வாங்கற பொறுப்பு என்னோடதுதான். ரெண்டாவது வர்றவனுக்குத் தர்ற பதவி. டாக்டரோடது இன்னும் வரலை.”

“அதுல ஆன்டெனா உயரம் கேப்பீங்களா?”

“ஆறாவது கேள்வி.” கடிகாரக்காரர் சொல்லிவிட்டு நிறுத்தினார். பின்னறையின் சரியான நேரம் காட்டிய ஒரே கடிகாரத்தில் மூன்று ஐம்பது. “பத்துன்னு எழுதினார்னா, என் பத்து மீட்டருக்குச் சிக்காத அறுபத்து மூணு நிலையம் அவருக்கு மட்டும் எப்படிச் சிக்குச்சுன்னு நான் கேட்டே ஆகணும். விதி அப்படி. பதில் இல்லேன்னா அறுபத்து மூணும் தள்ளுபடி. அப்புறம் கோப்பை…” அவர் தன் பெயரைச் சொல்லவில்லை. காது மட்டும் சிவந்தது.

“ஒரு படிவம் கொடுங்க,” என்றார் சர்வேயர்.

*

பல் மருத்துவமனையில் இன்ஸ்பெக்டர் சாய்நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். வாய் முழுக்கப் பஞ்சும் கருவிகளும். அவரால் உலகத்துக்குச் சொல்ல முடிந்தது ‘ஆ’ ஒன்றுதான்.

டாக்டர் வெள்ளை அங்கியில் நிதானமாக இருந்தார். பின்னால் கண்ணாடி அலமாரியில் ஆறு கோப்பைகள் உயர வரிசையில் நின்றன. ஏழாவதற்கு இடம் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

“நோயாளி இருக்கார்மா. வெளியே உட்காருங்க.”

“அவர் இருக்கறதுதான் நல்லது,” என்றார் சர்வேயர். கருவித் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். “இது நீங்க போலீஸ்ல கொடுக்கப் போற வாக்குமூலம். கையெழுத்து இன்னும் போடலை, ஸ்டேஷன்லேருந்து வாங்கிட்டு வந்தேன். இது கோப்பை விண்ணப்பம். ரெண்டும் இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள போகணும். ரெண்டுலயும் ஒரு எண் எழுதற இடம் காலியா இருக்கு. விழற நேரத்துல ஆன்டெனா எவ்வளவு உயரத்துல இருந்துச்சு?”

“பத்து மீட்டர். ஆயிரம் தடவை சொல்லிட்டேன்.”

“அப்ப ரெண்டுலயும் பத்துன்னு எழுதுங்க.”

டாக்டர் பேனாவை எடுத்தார். வாக்குமூலத்தின் மேல் பேனா இறங்கியது. நடுவழியில் நின்றது. கண் பக்கத்துத் தாளுக்குப் போனது.

“இதை எதுக்கு இப்போ? நான் அப்புறமா அனுப்பிக்கறேன்.”

“கடிகாரக்காரர் கேக்கச் சொன்னார். பத்து மீட்டர்ல இருந்து மத்தியானத்துக்கு மேல அறுபத்து மூணு தூரதேசம் எப்படின்னு.”

“வானம் திறந்துச்சு.”

“அவர் வீட்டு மேல திறக்கலை. நோட்டைப் பார்த்தேன்.”

“பீமைத் திருப்பினேன்.”

“தீவுக்காரருக்கு நேரா. ரெண்டு பதினஞ்சுக்கு ஏழு தடவை கூப்பிட்டாராம். உங்களுக்கு மூணு-ரெண்டு போட்டிருக்கார்.”

“மூணு-ரெண்டா?” டாக்டரின் குரல் உடைந்தது. கால் உடைந்த செய்தியை இன்ஸ்பெக்டர் சொன்னபோதுகூட அவர் குரல் அப்படி உடைந்ததில்லை. “எனக்கா?”

“ஆ,” என்றார் இன்ஸ்பெக்டர், கூரையைப் பார்த்தபடி.

“இன்னொரு வழியும் இருக்கு டாக்டர்,” என்றான் பஞ்சர் மிகவும் அக்கறையாக. “அந்த அறுபத்து மூணு பேரோட நீங்க பேசவே இல்லை, சும்மா எழுதிக்கிட்டீங்கன்னு ஒரு வரி போட்டுடுங்க. பத்து மீட்டர் பத்து மீட்டராவே நிக்கும். உங்க மேல கேஸும் வராது. கோப்பை மட்டும் கடிகாரக் கடைக்குப் போகும். அங்கே தூசி அதிகம், ஆனா இடம் இருக்கு.”

டாக்டர் முகத்தில் ரத்தம் ஏறியது. “யாரைப் பார்த்துச் சொல்றே? முப்பது வருஷமா பேசறேன். ஒரு நிலையத்தைக்கூட நான் பொய்யா எழுதினது இல்லை!”

“நானும் அதை நம்பறேன்,” என்றார் சர்வேயர். அவர் நிஜமாகவே நம்பினார். இருபத்திரண்டு வருடத்தில் சொந்தக் கடைக்குத் தீ வைத்துவிட்டு, கணக்கில் ஒரு சட்டையைக் கூடுதலாகக் காட்டக் கூசிய மனிதர்களைப் பார்த்தவர் அவர். “ஒவ்வொருத்தருக்கும் பொய் சொல்ல முடியாத இடம் ஒண்ணு இருக்கு. உங்களுக்கு அது ஆறாவது கேள்வி.”

டாக்டர் இரண்டு தாள்களையும் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். ஒரு நிமிடம், சர்வேயருக்குத் தன் கணிப்பு தவறிவிட்டதோ என்று தோன்றியது. எந்த மனிதனும் ஒரு பித்தளைக் கிண்ணத்துக்காகச் சிறைக்குப் போவானா?

டாக்டர் விண்ணப்பத்தை முன்னால் இழுத்தார். ஆறாவது கேள்விக்கு எதிரே அழகான எழுத்தில் ‘20 மீட்டர்’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். பிறகு, ஒரு கெட்ட பல்லைப் பிடுங்குகிற வேகத்தில், வாக்குமூலத்தில் காலியாக இருந்த இடத்திலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“சாவி தொலையலை,” என்றார். “ஒண்ணு இருபதுக்கு ஏத்தி முடிச்சேன். அஞ்சு மணிக்கு இறக்கிடலாம்னுதான் இருந்தேன். அரைமணி நேரம்தான். அந்தக் காத்து அரைமணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா?”

“தையல்காரம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க,” என்றார் சர்வேயர். “மூணு நாளாச்சு. நான் வந்ததுலேருந்து நீங்க பதறிப்போய்க் கேட்டது ஒரே கேள்வி. அது உங்க மார்க்கைப் பத்தி.”

இன்ஸ்பெக்டர் வாயிலிருந்து பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். கடமையும் வலியும் அவர் முகத்தில் சண்டை போட்டன. கொஞ்ச நேரம் எது ஜெயிக்கும் என்று சொல்ல முடியவில்லை.

“டாக்டர், உங்களைக் கைது பண்றேன்,” என்றார் இடது பக்கமாக. “முதல்ல இந்த ஓட்டையை அடைங்க.”

*

ஐந்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பள்ளிப் பேருந்து காவல் நிலைய வாசலில் வந்து நின்றது. காலியாக இருந்தது. பிள்ளைகளை வழக்கத்தைவிட வேகமாக இறக்கியிருக்க வேண்டும்.

மெக்கானிக் வெளியே வந்தான். மனைவி அவனை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. அப்புறம்தான் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“மேடத்துக்கு ஒரு கும்பிடு போடுங்க.”

அவன் போட்டான். ஆனால் கண் இன்ஸ்பெக்டர் கையில் இருந்த தாளில் இருந்தது. “சார், டாக்டர் எத்தனை மணிக்கு ஏத்தினாராம்?”

“ஒண்ணு இருபது.”

“விழுந்தது நாலரைக்கு.” அவன் உதடு கணக்குப் போட்டது. “மூணு மணி பத்து நிமிஷம். முழு உயரத்துல. அந்தக் காத்துல.” நேற்றிலிருந்து குனிந்திருந்த முதுகு மெல்ல நிமிர்ந்தது. “சார், அதை ஒரு தாள்ல எழுதி, சீல் வெச்சுத் தர முடியுமா?”

“எதுக்குய்யா?”

“அடுத்த கோபுரத்துக்கு யாராவது விசாரிச்சா காட்டலாம்ல?”

உள்ளே, கம்பிக்குப் பின்னால் டாக்டர் எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் ஒரு வெளிச்சம். “நாலு மணி வரைக்கும் ஆடக்கூட இல்லைய்யா! என்ன வேலைப்பாடு! அடுத்த தடவை இருபத்திரண்டுக்குக் கட்ட முடியுமா?”

“கீழ்ப்பாகத்தை அகலப்படுத்தினா முடியும் டாக்டர்,” என்று மெக்கானிக் அவர் பக்கமாக நாலு அடி நடந்தான். “மூணு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி…”

மனைவி இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். பிறகு சர்வேயரைப் பார்த்தாள். பேருந்துச் சாவியைக் கைப்பையில் போட்டு மூடினாள்.

“சார், ஒரு உதவி,” என்றாள். “இவரையும் அவரோட அந்த ரூம்லயே போட்டுப் பூட்டிடுங்க. பேசி முடிச்சதும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க.”